ஒன்பது இறகுகள்: ஒரு இளம் காக்கட்டீலின் இறக்கையில் வந்த கட்டி

பின்னணி

நண்பர் வீட்டில் வளரும் காக்கட்டீல் ஒன்றின் இறக்கையில் வந்த கட்டியைப் பற்றிய பதிவு இது. பலர் ‘காக்டெயில்’ என்று சொல்லி வாங்குவது இந்தப் பறவையைத்தான். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, வளர்ந்தபின் ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் எடை. வீட்டில் நண்பர், அவர் மனைவி, பத்து வயது மகள் என மூன்று பேர். பறவை மகளுடையது. தானாகத் தின்னப் பழகிய பிறகு, ஒன்பது வார வயதில் அந்த வீட்டுக்கு வந்தது.

நான் மருத்துவன் இல்லை. பல வருடமாகக் காக்கட்டீல் வளர்க்கிறேன், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் பறவைக்கு ஏதாவது என்றால் முதலில் எனக்குப் போன் போடுவார்கள். இந்த நிகழ்வில் நேர்ந்த தாமதத்தில் பெரும்பங்கு என்னுடையது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த இரவு

இந்தப் பகுதியில் இருப்பது நடந்து ஆறு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. ஆனால் வரிசைப்படி இதுதான் முதலில் வரவேண்டும்.

பறவைக்குப் பதினொரு வாரம் ஆகியிருந்தபோது, ஒரு நள்ளிரவில் கூண்டுக்குள் திடீரென்று பெரிய சத்தம். காக்கட்டீல் வளர்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. இருட்டில் எதையாவது கேட்டோ கண்டோ மிரண்டு, கூண்டுக் கம்பிகளில் மோதி மோதிப் பறக்கும். மற்ற கிளிகளைவிட இந்த இனத்தில் இது அதிகம். அன்று எது மிரட்டியது என்று தெரியாது. சன்னல் ஓரம் இருந்த கூண்டின் மேல் ஏதோ வண்டியின் விளக்கு பட்டிருக்கலாம் என்பது வீட்டாரின் ஊகம்.

விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூண்டின் தட்டிலும் கம்பியிலும் ரத்தத் துளிகள். இடது இறக்கையில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு நீள இறகு நடுவில் ஒடிந்திருந்தது. வளரும் இறகின் தண்டுக்குள் ரத்த ஓட்டம் இருக்கும். அதனால்தான் அதை ரத்த இறகு என்கிறோம். முழுதாக வளர்ந்த இறகு ஒடிந்தால் நம் நகம் உடைந்த மாதிரி, ஒன்றும் ஆகாது. ரத்த இறகு ஒடிந்தால் அறுந்த குழாய் மாதிரி. சோளமாவை வைத்து அழுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றது. காலையில் பறவை வழக்கம்போலத் தின்றது, விசிலடித்தது. சரி, தப்பித்தது என்று விட்டுவிட்டார்கள்.

முதலில் கண்டது

மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆன பிறகு, கட்டியை முதலில் பார்த்தது மகள்தான். பறவை சோம்பல் முறிக்கும்போது ஒரு பக்கத்து இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டும். அப்படி நீட்டியபோது இறக்கையின் வெளி ஓரத்தில் சின்ன மேடு ஒன்று தெரிந்திருக்கிறது. மடக்கியிருக்கும்போது இறகுகள் முழுவதுமாக மூடிவிடும். அதனால் எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மிளகு அளவு என்றாள். பிறகு அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நான் 4 மில்லிமீட்டர் இருக்கும் என்று கணித்தேன். படத்தில் பக்கத்தில் அளவுகோல் எதுவும் இல்லை. அதனால் அதுவும் ஊகம்தான்.

போனில் நான் சொன்னது

நண்பரின் மனைவி அன்று மாலையே அழைத்தார். “அண்ணா, குட்டிக்கு இறக்கைல ஏதோ கட்டி மாதிரி இருக்கு. வலிக்கிற மாதிரி தெரியல. நல்லாத்தான் சாப்பிடுது.”

இந்த இடத்தில் என் மனநிலையைச் சொல்ல வேண்டும். இளம் பறவையில் கட்டி என்று என்னை அழைத்தவர்களில் பெரும்பாலோர் காட்டியது கட்டியே இல்லை. தின்று முடித்த குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பை உருண்டையாக உப்பி நிற்கும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. வாலின் அடியில், முதுகுப் பக்கம், எண்ணெய்ச் சுரப்பி என்று ஒரு சின்ன மேடு இருக்கும். பறவை அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகுகளில் பூசிக்கொள்ளும். அதையும் கட்டி என்று படம் எடுத்து அனுப்புவார்கள். இறகு முளைக்கும் இடத்தில் குருத்து வெளியே வருவதற்கு முன் தோல் கொஞ்சம் தடித்துத் தெரிவதும் உண்டு. இப்படிப் பத்துப் பேருக்கு ‘ஒன்றுமில்லை’ சொல்லிப் பழகிய வாய், பதினோராவது ஆளுக்கும் அதையே சொல்லிவிட்டது.

“புது இறகு முளைக்குதும்மா. ஒரு வாரம் பாருங்க” என்றேன்.

தவறு மூன்று இடத்தில் நடந்தது. பறவைக்கு அப்போது பதினான்கு வாரம். காக்கட்டீலின் முதல் இறகு உதிர்ப்பு ஆறு மாத வயதை ஒட்டித்தான் தொடங்கும். அதற்கு முன் இறக்கையின் நீள இறகு ஒன்று புதிதாக முளைக்கிறது என்றால், பழையது ஏதோ காரணத்தால் போயிருக்க வேண்டும். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. அடிபட்டதா என்றும் கேட்கவில்லை. ‘ஒரு வாரம்’ என்று சொன்னேனே தவிர, அந்த வாரம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களும் திரும்ப அழைக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

அடுத்த பதினெட்டு நாள்

இந்த இடைவெளியில் கட்டி மிளகிலிருந்து பட்டாணியை நெருங்கியது. நிறம் மஞ்சளாக மாறியது. பறவை அலகால் அந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்தது. வீட்டில் இருந்த களிம்பை இரண்டு நாள் தடவியிருக்கிறார்கள். மனிதர்களுக்கான எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு. இறகுகள் அதில் ஊறிப் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டன. இறகு ஒட்டினால் உடல் சூட்டைப் பறவையால் காக்க முடியாது. அதோடு, தடவியது அத்தனையும் கோதும்போது வயிற்றுக்குள் போகும். வலி மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த களிம்புகளில் சில, சின்னப் பறவைகளுக்கு விஷமாகவே ஆகலாம். நல்ல வேளையாக இவர்கள் தடவியதில் அது இல்லை.

பதினெட்டாம் நாள் இரவு நண்பரே அழைத்தார். ஊசியை நெருப்பில் காட்டித் தயாராக வைத்திருந்தார். “பரு மாதிரி பழுத்திருக்குடா. லேசா குத்தி விட்டா சீழ் வந்துடும்ல?”

வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டார், ஏனென்றால் அவர் காரணம் தெரியாமல் எதையும் ஏற்கிற ஆள் இல்லை. இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, பறவைகளுக்கு நம்மைப்போல ஒழுகும் சீழ் பெரும்பாலும் வராது. கெட்டியாக, திரிந்த பால் கட்டி மாதிரி இருக்கும். குத்தினால் வடியாது, புண்தான் மிச்சம். இரண்டாவது, ரத்தக் கணக்கு. பறவையின் ரத்தம் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 80 கிராம் பறவைக்கு 8 மில்லி. ஆரோக்கியமான பறவை அதில் பத்தில் ஒன்றை இழந்தால் தாங்கும், அதாவது 0.8 மில்லி. சொட்டுக் கணக்கில் பதினாறு சொட்டு. அதற்கு மேல் போகப்போக ஆபத்து. நாம் பஞ்சில் துடைத்துவிட்டு ‘கொஞ்சம்தான் வந்தது’ என்று சொல்கிற அளவு அது.

ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் காலை நான் நேரில் போனேன். பதினெட்டு நாளுக்கு முன்பே போயிருக்க வேண்டும்.

நேரில் பார்த்தபோது

முதலில் பறவையைத் தொடவில்லை. கூண்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இரையாகும் இனத்துப் பறவைகள் நோயை மறைக்கும். நாம் கிட்டே போனதும் நிமிர்ந்து நின்று நல்லா இருக்கிற மாதிரி நடிக்கும். நம்மை மறந்த பிறகுதான் உண்மை தெரியும். மூச்சு சீராக இருந்தது, வால் மேலும் கீழும் ஆடவில்லை, எச்சம் வழக்கம்போல இருந்தது. இடது இறக்கை வலதைவிட ஒரு துளி தாழ்ந்து தொங்கியது. வீட்டார் அதைக் கவனிக்கவில்லை. தினமும் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

அடுத்து எடை. சமையலறைத் தராசில் ஒரு குச்சியைப் பொருத்தி ஏற்றினோம். 81 கிராம். அது அதிகமா குறைவா என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் அதற்கு முன் ஒருமுறைகூட எடை பார்க்கவில்லை. ஒற்றை எண் எதையும் சொல்லாது. நேற்றைய எண் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

பிறகு மெல்லிய துண்டில் சுற்றிப் பிடித்தேன். மார்பை இறுக்கக் கூடாது. பறவைக்கு நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அதை அமுக்கிப் பிடித்தால், வாய் திறந்து இருந்தும் மூச்சு நின்றுவிடும். இடது இறக்கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். இறக்கையின் நுனிப் பகுதியில், நீளமான பறப்பு இறகுகள் வரிசையாகக் கிளம்பும் ஓரத்தில், கட்டி. மஞ்சள் வெள்ளை நிறம், கல் மாதிரி இறுக்கம். மேலே தோல் உலர்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் 7 மில்லிமீட்டர்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. வலது இறக்கையையும் விரித்து எண்ணினேன். கிளி இனத்தில் நுனிப் பகுதியின் பறப்பு இறகுகள் பத்து. வலதில் பத்து இருந்தது. இடதில் ஒன்பது. பத்தாவது இருக்க வேண்டிய இடத்தில்தான் கட்டி இருந்தது.

“இங்க ஒரு இறகு எப்போ போச்சு?” என்று கேட்டேன். நண்பரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மகள்தான் சொன்னாள். “அன்னைக்கு ராத்திரி ரத்தம் வந்துச்சுல்ல மாமா. அப்போதான்.”

அந்த ஒரு வாக்கியத்தில் என் ‘புது இறகு’ கதை சரிந்தது. ஒரு விதத்தில் புது இறகுதான். ஆனால் வெளியே வரவேண்டிய இறகு தோலுக்கு உள்ளேயே சுருண்டு வளர்கிறது. இறகுக்குழி சேதமானால் இப்படி நடக்கும். வழி கிடைக்காத இறகு உள்ளேயே சுருண்டு, அதன் கெரட்டின் (இறகும் நகமும் உருவாகும் பொருள்) அடுக்கடுக்காகச் சேர்ந்து கட்டியாகும். இறகு நீர்க்கட்டி என்று பெயர் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் நீர் இருக்காது, காய்ந்த மாவு மாதிரிதான் இருக்கும். கேனரி என்ற சின்னப் பாடும் பறவைகளில் நார்விச், கிளாஸ்டர் போன்ற சில வகைகளுக்கு இது பிறப்பிலேயே வரும் இயல்பு. கிளி இனத்தில் அடிபட்டு வருவதுதான் வழக்கம்.

இருந்தாலும் இது என் ஊகம்தான். ஏற்கெனவே ஒரு ஊகத்தில் பதினெட்டு நாள் போய்விட்டது. அன்றே மருத்துவரைப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

மருத்துவரிடம்

பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவர் பார்த்தவுடன், “நான் நாய், மாடுதான் அதிகம் பாக்கிறேன். பறவைக்கு மயக்கம் கொடுக்கிற வசதி என்கிட்ட இல்லை” என்று சொல்லி, பறவைகளைப் பார்க்கும் இன்னொருவரிடம் அனுப்பினார். நேரம் வீணானதாக வீட்டார் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்மேல் மரியாதைதான் வந்தது. தெரியாததை தெரியாது என்று சொன்னார். போனில் நான் செய்யாதது அது.

இரண்டாமவர் கட்டியைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடவில்லை. இளம் பறவையின் தோலில் மேடு என்றால் எவையெல்லாம் இருக்கலாம் என்று எங்களுக்கு விளக்கிக்கொண்டே ஒவ்வொன்றாக விலக்கினார். நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை கிழிந்து தோலுக்கடியில் காற்று சேர்ந்தால் பலூன் மாதிரி மெத்தென்று இருக்கும், அமுக்கினால் உள்வாங்கும். இது கல்லாக இருக்கிறது, ஆக அது இல்லை. கொழுப்புக் கட்டி என்றால் மென்மையாக இருக்கும், மார்பிலும் வயிற்றிலும்தான் அதிகம் வரும், இந்த வயதில் எதிர்பார்க்க முடியாது. பறவை அம்மை கொசு மூலம் பரவும். இறகில்லாத இடங்களில், கண்ணைச் சுற்றியும் அலகோரத்திலும் காலிலும் மரு மாதிரிக் கிளம்பும். இங்கே ஒன்றே ஒன்றுதான், அதுவும் இறக்கையில். மஞ்சள் நிறத்தை வைத்து சாந்தோமா என்ற தோல் தடிப்பையும் யோசித்தார். காக்கட்டீலுக்கு இறக்கையில் அது வரக்கூடியதுதான். கெட்டிச் சீழ்க் கட்டியும் இதே மாதிரித் தோன்றும். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்து விலக்க முடியாது என்றார்.

மெல்லிய ஊசியால் துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். கெரட்டின் துணுக்குகள், சிதைந்த இறகின் துண்டுகள். எக்ஸ்ரேயில் எலும்பு அரிக்கப்படவில்லை. இறகு நீர்க்கட்டி என்று அப்போதுதான் சொன்னார். நண்பர் எடுக்க நினைத்ததும் ஊசிதான், இவர் எடுத்ததும் ஊசிதான். ரத்தம் வந்தால் நிறுத்தும் வழி இவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

பிறகு ஒடிந்த இறகைப் பற்றிக் கேட்டார். “தானா விழுந்துச்சா, எடுத்தீங்களா?”

நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, “நான்தான் இடுக்கியால பிடிச்சு இழுத்தேன் டாக்டர். ரத்தம் வந்தா இறகைப் பிடுங்கிடணும்னு எங்கயோ படிச்சேன்” என்றார். அந்த அறையில்தான் நாங்கள் எல்லோரும் அதைக் கேள்விப்பட்டோம், அவர் மனைவி உட்பட.

ரத்தம் நிற்காதபோது இறகை வேரோடு எடுப்பது மருத்துவர்கள் செய்கிற ஒன்றுதான். ஆனால் எலும்பைத் தாங்கிப் பிடித்து, இறகு முளைத்த திசையிலேயே நேராக இழுக்க வேண்டும். கோணம் தப்பினால் குழி கிழியும். ரத்தம் நின்றுவிட்டால் தொடாமல் விடுவதே மேல். நண்பர் வீட்டில் மாவு வைத்து நின்ற பிறகு, மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் இழுத்திருக்கிறார். மருத்துவர் கண்டிக்கவில்லை. “மோதினதாலயும் குழி கெட்டிருக்கலாம், இழுத்ததாலயும் கெட்டிருக்கலாம். எதுன்னு இப்போ சொல்ல முடியாது. சொன்னாலும் சிகிச்சை மாறாது” என்றார்.

முதல் முடிவு

மூன்று வழி இருந்தது. அப்படியே விட்டுவிடுவது, கட்டியைத் திறந்து உள்ளிருப்பதைச் சுரண்டி எடுப்பது, இறகுக்குழியோடு முழுவதையும் வெட்டி எடுப்பது. விடுவதை மருத்துவர் ஏற்கவில்லை. கட்டி வளர்ந்துகொண்டேதான் போகும், பறவையும் அதைக் கொத்திக் கிழித்துக்கொள்ளும், பிறகு ரத்தமும் தொற்றும். மற்ற இரண்டில் எது என்பதை வீட்டாரிடம் விட்டார்.

சுரண்டுவது சின்ன வேலை. மயக்கத்தில் இருக்கும் நேரம் குறைவு, ரத்தம் குறைவு. குழி பிழைத்தால் நல்ல இறகு முளைக்க ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் திரும்ப வருவதுதான் அதிகம் என்று நேராகவே சொன்னார். வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அந்த இறகு வாழ்நாள் முழுக்க வராது, பக்கத்துக் குழிகளுக்குச் சேதம் வரலாம், இறக்கை நுனியில் தோல் மிகக் குறைவு என்பதால் மூடித் தைப்பதும் கஷ்டம்.

வீட்டார் சுரண்டுவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘அந்த இறகு திரும்ப வர வாய்ப்பிருக்கு’ என்ற சொல்லை மகள் பிடித்துக்கொண்டாள். நண்பருக்கும் அது வேண்டியிருந்தது. தான் பிடுங்கியது திரும்ப முளைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததை யாரும் குறை சொல்ல முடியாது. என்னைக் கேட்டபோது நானும் சரி என்றேன். பறவை சின்னது, கட்டி சின்னது, குறைந்த மயக்கம் போதும் என்பது என் கணக்கு.

பதினெட்டு வார வயதில் நடந்தது. முந்தைய இரவே பட்டினி போடச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தோம். அப்படிச் செய்யவே கூடாது என்றார் மருத்துவர். இவ்வளவு சின்ன உடல் நீண்ட பட்டினியைத் தாங்காது, தீனிப்பை காலியாகும் அளவு இடைவெளி போதும் என்று காலையில் கொஞ்ச நேரம் மட்டும் தீனியை எடுத்து வைக்கச் சொன்னார். முகமூடி வழியாக ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, அடியில் சூடான விரிப்பு. கட்டியைத் திறந்து எடுத்ததைத் தட்டில் காட்டினார். உலர்ந்த மஞ்சள் மாவு, நடுவில் சுருண்டு மடங்கிய இறகுத் தண்டு. வாயுவை நிறுத்திய சில நிமிடத்தில் பறவை கண் திறந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரமம். கொத்தாமல் இருக்கக் கழுத்தில் மென்மையான பட்டை போட்டிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட அதற்குத் தெரியவில்லை. மறுநாள் காலை எடை 83-லிருந்து 77-க்கு வந்திருந்தது. உட்காரும் குச்சியைத் தரையை ஒட்டி இறக்கினோம், அடியில் துண்டு விரித்தோம், தீனியைத் தட்டையான மூடியில் அலகுக்கு நேரே வைத்தோம், தினைக் கதிரை மகள் கையில் பிடித்துக் காட்டினாள். அது சாப்பிட்டது. வலிக்கு மெலாக்சிகாம் திரவம், மருத்துவர் சொன்ன அளவில். ஐந்தாம் நாள் எடை 82.

திரும்பி வந்தது

ஐந்து வாரம் வரை ஒன்றும் இல்லை. ஆறாவது வாரத்தில் அதே இடத்தில் தோல் தடித்தது. இந்த முறை மகள் வாரம் ஒருமுறை அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது வாரம் 5 மில்லிமீட்டர், எட்டாவது வாரம் 8.

மருத்துவருக்கு இது ஆச்சரியமாக இல்லை. வெட்டி எடுப்பதுதான் மிச்சம் என்றார். ஆனால் உடனே செய்யவில்லை. பறவை ஆறு மாதத்தைத் தாண்டி முதல் இறகு உதிர்ப்பில் இருந்தது. கட்டிக்குப் பக்கத்து இறகு அப்போதுதான் ரத்த இறகாக வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது கத்தி வைத்தால் ரத்தம் அதிகம் போகும், பக்கத்துக் குழியும் கெடும் என்று, அந்த இறகு முற்றும்வரை காத்திருக்கச் சொன்னார். காத்திருப்பு மூன்று வாரம். இந்தக் காத்திருப்புக்குத் தேதி இருந்தது, இடையில் கட்டி கிழிந்தாலோ எடை 5 கிராம் குறைந்தாலோ உடனே வரவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பதினெட்டு நாள் நான் காக்க வைத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது உறைத்தது.

இரண்டாவது அறுவை

கட்டி அப்போது 11 மில்லிமீட்டர், பறவை 90 கிராம். ரத்தக் குழாய்களை வெட்டும்போதே சுட்டு அடைக்கும் மின்கருவியால் குழியோடு சேர்த்து எடுத்தார். முதல் முறையைவிட நேரம் அதிகம் பிடித்தது. எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார். இறகு நீர்க்கட்டிதான், புற்றுக்கான அடையாளம் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது.

கழுத்துப் பட்டையைச் சாமர்த்தியமாகச் சுழற்றிவிட்டுத் தையலைக் கொத்தப் பார்த்தது ஒரு நாள். மற்றபடி குறிப்பிட ஒன்றும் இல்லை. எடை 87-க்குக் கீழே போகவில்லை. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். நான்கு வாரத்தில் அறைக்குள் பறக்க ஆரம்பித்தது. திரும்பும்போது முதலில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு அதுவும் போய்விட்டது. உதிர்ப்பு முடிந்தபோது முகம் முழுக்க மஞ்சளாகி, ஆண் என்று தெரிந்தது. இளம் காக்கட்டீலில் சாதாரண சாம்பல் நிறத்தவை எல்லாமே பெண் மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு முறை என்றால்

என் பங்கிலிருந்து தொடங்குகிறேன். கட்டி என்று யார் அழைத்தாலும் இப்போது பதில் சொல்லும் முன் மூன்றைக் கேட்கிறேன். கடந்த இரண்டு மாதத்தில் அடிபட்டதா, இறகு விழுந்ததா? இன்னொரு பக்கத்தில் அதே இடம் எப்படி இருக்கிறது? இன்றைய எடை என்ன? இறக்கை என்றால் இறகுகளை எண்ணச் சொல்கிறேன். அன்று போனிலேயே எண்ணச் சொல்லியிருந்தால் 4 மில்லிமீட்டரில் மருத்துவரிடம் போயிருப்போம். கட்டி வராமல் தடுத்திருக்க முடியாதுதான், ஆனால் சின்னக் கட்டிக்குச் சின்ன வெட்டு போதும். அதோடு, எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் ‘பார்க்கலாம்’ என்றால் எந்தத் தேதிவரை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் சுரண்டியது தவறா என்று நண்பர் பலமுறை கேட்டுவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்ப வரலாம் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. ஆனால் இதே நிலையில் இன்னொரு பறவை வந்தால், அடிபட்ட குழி என்பது உறுதியாகத் தெரிந்தால், நேராக வெட்டி எடுப்பதைத்தான் சொல்வேன். ஒரு இறகுக்காக இரண்டு முறை மயக்கம் கொடுத்தது அதிகம்.

இரவு மிரட்சிக்கு வீட்டில் செய்த மாற்றங்கள் எளிமையானவை. கூண்டு சன்னலை விட்டு உள்சுவருக்குப் போனது. முழு இருட்டு ஆக்காமல் மங்கலான இரவு விளக்கு ஒன்று எரிகிறது. கூண்டை முழுதாக மூடுவதில்லை, ஒரு பக்கம் திறந்தே இருக்கும். தொங்கும் பொம்மைகளை மாலையில் எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் ஒருமுறை மிரண்டது. கையை உள்ளே விடாமல், விளக்கை மெல்லக் கூட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றிருக்கிறார்கள். சில நிமிடத்தில் அடங்கிக் குச்சியில் ஏறிவிட்டது. காலையில் இரண்டு இறக்கையையும் விரித்துப் பார்த்தார்கள், எதுவும் ஒடியவில்லை.

இடுக்கி இன்னும் அந்த வீட்டு முதலுதவிப் பெட்டியில்தான் இருக்கிறது, முள் எடுக்க. பறவைக்கென்று தனியாக ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். அதில் சோளமாவு, பஞ்சு, சுத்தமான துண்டு, மருத்துவரின் எண். தராசு கூண்டுக்குப் பக்கத்தில். ஞாயிறு காலைகளில் மகள் எடையைக் குறித்துவிட்டு இறகுகளை எண்ணுகிறாள். பறவைக்கு இப்போது பதினொரு மாதம். கடைசியாக அவள் குறித்தது: 92 கிராம், வலது பத்து, இடது ஒன்பது.